வேலை பறிபோன பேராசிரியருக்கு ஒரு மேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வருகைதரு ஆய்வாளர்களின் கோப்புகளைப் பத்தொன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் நான். வந்து இறங்கியவரின் கையில் அறைச் சாவியைக் கொடுப்பதிலிருந்து, கிளம்பும்போது நூலகப் புத்தகங்களைத் திருப்பிவிட்டாரா என்று பார்ப்பது வரை என் பொறுப்பு. பெரும்பாலோர் விடுப்பெடுத்து வந்தவர்கள். சிலர் திரும்பிப் போக இடமில்லாதவர்கள்: சொந்த நாட்டில் வேலை பறிபோய், ஆபத்திலிருந்து தப்ப ஒரு பல்கலைக்கழகத்தின் அழைப்பை நம்பி வந்தவர்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் நடந்த தமிழ் வாசகர் சந்திப்பு ஒன்றில் அந்தச் சிலரைப் பற்றிப் பேச நேர்ந்தது. நான் பேசியது இருபது நிமிடம். கேள்விகள் ஒன்றரை மணி நேரம் நீண்டன. அங்கே கேட்டவற்றையும், பிறகு கைத்தொலைபேசியில் வந்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இப்படி ஆபத்திலுள்ளவரைப் பல்கலைக்கழகம் அழைப்பது அரசியல் தஞ்சம்தானே?

இல்லை. தஞ்சம் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. பல்கலைக்கழகத்தால் கொடுக்க முடிந்தவை ஒரு நியமனக் கடிதம், சம்பளம், மேசை, நூலக அட்டை, நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி. அற்பமாகத் தெரியும். மின்னஞ்சல் முகவரி பறிபோன ஓர் ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஆய்விதழ்கள் பதில் எழுதுவதில்லை, தரவுத்தளங்கள் திறப்பதில்லை, மாநாட்டுக்காரர்கள் "எந்த நிறுவனம்?" என்று கேட்கிறார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார். துறையில் அவர் இல்லை.

அந்த நியமனக் கடிதத்தில் "அகதி" என்ற சொல் இருக்காது, இருக்கவும் கூடாது. "வருகைதரு ஆய்வாளர்" என்றுதான் எழுதுவோம். அதில் பொய் எதுவும் இல்லை, அவர் செய்யப்போவது ஆய்வுதான். ஊரில் இருக்கும் அவருடைய பெற்றோரை விசாரிக்கப் போகிறவர்கள் கையில் அது சிக்கினாலும் தீங்கு குறைவு.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

1933 ஏப்ரல் 7 அன்று நாஜி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. யூதர்களையும் தனக்குப் பிடிக்காத அரசியல் உடையவர்களையும் அரசுப் பணியிலிருந்து நீக்கலாம் என்பது அதன் சாரம். ஜெர்மனியில் பேராசிரியரும் அரசு ஊழியர்தான். லண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநர் வில்லியம் பெவரிட்ஜ் அந்த நாள்களில் வியன்னாவில் இருந்தார். ஒரு மாலை காப்பிக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது, வேலை பறிபோன பேராசிரியர்களின் பெயர்கள் அன்றைய செய்தித்தாளில் வந்திருந்தன. ஊர் திரும்பியவர் சக ஆசிரியர்களிடம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கேட்டார். மே மாதத்திலேயே கல்வியாளர் உதவி மன்றம் உருவாகிவிட்டது. எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு அதன் தலைவர். அக்டோபர் 3 அன்று ராயல் ஆல்பர்ட் அரங்கில் நிதி திரட்டக் கூட்டம் போட்டபோது ஐன்ஸ்டைன் வந்து பேசினார். பலமுறை பெயர் மாறிய அந்த மன்றம் இன்று "காரா" என்று இயங்குகிறது.

அது காப்பாற்றியவர்களில் 16 பேர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள் என்று எல்லாரும் மறக்காமல் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிப்பதில்லை. பரிசு வாங்காத மற்றவர்களுக்குச் செய்த செலவு வீண் என்பதுபோல் காதில் விழுகிறது.

நான் அதிகம் வியப்பது இஸ்தான்புல்லைப் பார்த்துத்தான். நோயியல் பேராசிரியர் ஃபிலிப் ஷ்வார்ட்ஸ் வேலை இழந்து சூரிச் போய்ச் சேர்ந்தார். தன்னைப் போன்றவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். துருக்கி அப்போது இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதிதாகச் சீரமைத்துக்கொண்டிருந்தது. பட்டியலோடு போனவர், ஒரே நாள் பேச்சுவார்த்தையில் சுமார் 30 பேருக்கு இடம் வாங்கிவிட்டார். சில ஆண்டுகளில் துருக்கி மொழியிலேயே பாடம் நடத்த வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. வந்தவர்கள் ஐம்பது வயதில் அகராதியைப் பிரித்து உட்கார்ந்தார்கள்.

2015இல் ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை ஆபத்திலுள்ள ஆய்வாளர்களுக்கு ஒரு திட்டம் அறிவித்து, அதற்கு ஷ்வார்ட்ஸின் பெயரை வைத்தது. மறு ஆண்டே துருக்கியில் ராணுவப் புரட்சி முயற்சி. அதைத் தொடர்ந்து அவசர ஆணைகளால் ஆயிரக்கணக்கான கல்வியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் ஷ்வார்ட்ஸ் பெயரிலுள்ள உதவித்தொகையோடு ஜெர்மனிக்குப் போனார்கள். எண்பது ஆண்டுகளில் கொடுத்த கையும் வாங்கிய கையும் இடம் மாறிவிட்டன.

இந்தியாவில் யாரும் இடம் கொடுக்கவில்லையா?

நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் கொடுக்கப் பார்த்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தபோது, கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பதவி இழந்த இயற்பியலாளர் மாக்ஸ் போர்னை 1935இல் வரவழைத்தார். போர்ன் சுமார் ஆறு மாதம் இருந்தார். அவரை நிரந்தரமாக்க ராமன் முனைந்தபோது, ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் கூட்டத்திலேயே எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர ஆள் நமக்கு எதற்கு என்ற பொருள்படப் பேசினார். போர்னும் அதே அறையில்தான் இருந்தார். 1936இல் எடின்பரோ அவரை அழைத்துக்கொண்டது. 1954இல் நோபல் பரிசு. (பாருங்கள், நானும் அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டேன்.)

இலங்கைத் தமிழ் அறிஞர்களுக்கு இப்படி உதவி கிடைத்ததா?

சந்திப்பில் இதைக் கேட்டவர் யாழ்ப்பாணத்தில் படித்தவர். கேட்டுவிட்டு உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ரஜனி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 டிசம்பர் 15 அன்று கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் கொழும்பில் காணாமல்போனார்.

ஆபத்திலுள்ள ஆய்வாளர்களுக்கு உதவுவதில் இன்று பெரிதாகப் பேசப்படும் அமைப்புகளில் "ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க்" 1999இல் தோன்றியது. "ஸ்காலர் ரெஸ்கியூ ஃபண்ட்" 2002இல். எண்பதுகளில் ஓடியவர்களுக்கு அவை இல்லை. எனக்குத் தெரிந்த ஈழத்துக் கல்வியாளர்கள் உறவினர், உபகாரச் சம்பளம், தஞ்ச மனு என்று தங்கள் வழியைத் தாங்களே தேடிக்கொண்டவர்கள். பலர் இடையில் எரிபொருள் நிலையத்திலோ கிடங்கிலோ சில ஆண்டுகள் நின்றிருக்கிறார்கள். அந்த ஆண்டுகள் யாருடைய தன்விவரக் குறிப்பிலும் இருப்பதில்லை.

சிங்கப்பூரில் அகதி அந்தஸ்து கிடைக்குமா?

கிடைக்காது. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை. சிறிய தீவு, இடமில்லை என்பது அரசாங்கத்தின் நெடுநாள் நிலைப்பாடு. 1978 முதல் 1996 வரை செம்பவாங் பக்கம் ஹாக்கின்ஸ் ரோட்டில் வியட்னாமியப் படகு அகதிகளுக்கு ஒரு முகாம் இருந்தது. வேறொரு நாடு ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியோடு, இடைத்தங்கலாக மட்டுமே அங்கே இருக்கலாம்.

ஆகவே இங்கே வரும் கல்வியாளருக்குத் திறந்திருப்பது எல்லா வெளிநாட்டு ஊழியருக்கும் உள்ள அதே கதவு: எம்பிளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி. பரிதாபத்துக்கென்று அதில் தனிக் கட்டம் கிடையாது. 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதோடு சம்பளம், கல்வித் தகுதி போன்றவற்றை எடைபோடும் "கம்பாஸ்" புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும்.

பணம் யார் கொடுப்பது?

பெரும்பாலும் இரண்டு பைகளிலிருந்து வரும். வெளி அமைப்பு ஒரு பங்கு, அழைக்கும் பல்கலைக்கழகம் ஒரு பங்கு. ஸ்காலர் ரெஸ்கியூ ஃபண்ட் ஓராண்டுக்கு 25,000 அமெரிக்க டாலர் வரை தரும், அழைப்பவர் அதற்கு ஈடாகப் போட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. சிங்கப்பூர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் மேலே சொன்ன 5,600 வெள்ளி இளைஞர்களுக்கு. வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறி, 45 வயதில் 10,700 வெள்ளியைத் தொடுகிறது. துரத்தப்படுகிறவர் பெரும்பாலும் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போட்ட, கூட்டத்தில் பேசிய, நான்கு பேருக்குத் தெரிந்த மூத்த பேராசிரியர். அவருக்கு ஆண்டுக்கு 1,28,400 வெள்ளி காட்ட வேண்டும். வெளியிலிருந்து வருவது அதில் ஏறத்தாழக் கால் பங்கு. மீதிக்குத் துறைத் தலைவர் யாருடைய ஆய்வு மானியத்தைத் தட்டுவது என்று தலையைச் சொறிவார். மனமில்லாமல் நின்றுபோன அழைப்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தக் கணக்கில் நின்றுபோனவை உண்டு.

சான்றிதழே கையில் இல்லை என்றால்?

இந்தக் கேள்விக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2021 பிப்ரவரி 1 அன்று மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒத்துழையாமையில் இறங்கிய கல்வியாளர்களையும் பல்கலைக்கழக ஊழியர்களையும் அந்த மே மாதத்துக்குள் 11,000க்கும் மேல் இடைநீக்கம் செய்தார்கள். அவர்களில் ஒருவர், வேதியியல் விரிவுரையாளர், மூன்றாண்டு அலைச்சலுக்குப் பிறகு எங்கள் துறையின் அழைப்புக்குத் தகுதி பெற்றார். இணையக் காணொளியில் அவரோடு பேசினேன். "சான்றிதழ் அனுப்புங்கள்" என்றேன். ஒரு படம் வந்தது. வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய பட்டச் சான்றிதழை என்றோ எடுத்த படம். கண்ணாடியில் ஃபிளாஷ் வெளிச்சம் அடித்து, சரியாகக் கையெழுத்து இருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டமாக இருந்தது. அந்த வீடு இப்போது இல்லை என்றார்.

கம்பாஸில் கல்வித் தகுதிக்குப் புள்ளி வேண்டுமென்றால், சான்றிதழ் உண்மையானது என்று பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனம் ஒன்று உறுதி செய்ய வேண்டும். அந்த நிறுவனம் என்ன செய்யும்? பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு எழுதும். எழுதினால் யார் படிப்பார்? அவரை நீக்கிய அதே நிர்வாகம். பதில் வராமல் போவதுகூடப் பரவாயில்லை. "இந்த ஆள் சிங்கப்பூரில் வேலை தேடுகிறார்" என்று நாமே போய்ச் சொன்னதாகிவிடும்.

அன்று மதியம் முழுதும் கேன்டீனில் தேநீர் ஆறிப்போக உட்கார்ந்து யோசித்தோம். கடைசியில் வழி அவருடைய தன்விவரக் குறிப்பின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. முனைவர் பட்டம் ஜப்பானில் வாங்கியிருந்தார். முதல் பட்டத்தை விட்டுவிட்டு அதை மட்டும் சரிபார்ப்புக்குக் கொடுத்தோம். ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. பாதுகாப்பான நாட்டில் வாங்கிய பட்டம் ஏதாவது இருந்தால் அதையே முன்னால் வையுங்கள். எதுவுமே இல்லையென்றால், கல்வித் தகுதிக்குப் புள்ளி கேட்காமல் மற்ற அளவுகோல்களில் 40 எட்டுமா என்று பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தை அன்றன்றைக்குப் பார்ப்பது நல்லது.

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இன்னொரு கழுத்தறுப்பு. நுழையும்போது அது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க வேண்டுமென்றால் எந்த அரசாங்கம் துரத்தியதோ அதன் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். நான் கேட்கும் முதல் கேள்வி சான்றிதழைப் பற்றியதல்ல, "கடப்பிதழ் எப்போது முடிகிறது?" என்பதுதான்.

குடும்பத்தை அழைத்து வரலாமா?

மாதம் 6,000 வெள்ளி சம்பளம் இருந்தால் மனைவி அல்லது கணவரையும் பிள்ளைகளையும் சார்ந்திருப்போர் அட்டையில் அழைக்கலாம். பெற்றோர் என்றால் 12,000. துணை வேலை பார்க்க நினைத்தால் தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு எடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளி வேண்டுமென்றால் வெளிநாட்டு மாணவர் நுழைவுத் தேர்வு இருக்கிறது. நடுவில் வந்தால் காத்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளே முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஒப்பந்த வேலையில் திண்டாடுகிறார்கள். அவர்கள் இடத்தை வெளியாருக்குக் கொடுப்பது நியாயமா?

கேட்டவரை அரங்கில் சிலர் முறைத்தார்கள். முறைக்க வேண்டியதில்லை. 1933இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் இதே கேள்வி எழுந்தது, பதிலும் தேடினார்கள். லண்டன் மன்றம், இருக்கிற பணியிடங்களில் கை வைக்காமல், தான் திரட்டிய பணத்தில் உதவித்தொகை கொடுத்தது. நியூயார்க்கில் இயங்கிய அவசரக் குழு, இளம் அமெரிக்கர்களோடு போட்டி வரக்கூடாதென்று, ஏற்கெனவே பெயர் பெற்ற மூத்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கியது. விளைவு? சுமார் 6,000 பேர் கேட்டார்கள். 335 பேருக்குக் கிடைத்தது. இளையவர்கள் விடுபட்டார்கள். பெண்கள் பெரும்பாலும் விடுபட்டார்கள். உள்ளூரார் மனம் கோணாதபடி செய்ததற்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். இன்றும் என் யோசனை, வெளிப்பணத்தில் கூடுதல் இடம் உண்டாக்குங்கள், இருக்கிற இடத்தைத் தொடாதீர்கள் என்பதுதான். ஆனால் பெயர் பெற்றவர்களை மட்டும் தேடாதீர்கள்.

வந்தவர் இங்கே தன் நாட்டு அரசியலைப் பற்றிப் பேசலாமா?

வகுப்பறையில், ஆய்வில், கருத்தரங்கில் பேசலாம். தெருவில் முடியாது. ஹோங் லிம் பூங்காப் பேச்சாளர் முனையில்கூடக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் கலந்துகொள்ள முடியும். சிங்கப்பூர் அரசியலைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1960இல் இங்கே ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்த டி. ஜே. என்ரைட் தன் பொறுப்பேற்பு உரையில் அரசாங்கத்தின் பண்பாட்டுக் கொள்கையைச் சீண்டினார். அழைத்துக் கண்டித்து, வேலை அனுமதியே போய்விடும் என்றார்கள். மாணவர்கள் திரண்டார்கள். சமரசமாகி, 1970 வரை இங்கேயே இருந்தார். வருகிறவரிடம் நான் இதை மறைப்பதில்லை. சொந்த ஊரில் பேசியதற்காக எல்லாவற்றையும் இழந்தவருக்கு, இங்கே எதைப் பேசலாம் என்பது விமானம் ஏறும் முன்பே தெரிய வேண்டும்.

ஓராண்டு முடிந்ததும் என்ன?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. பல உதவித்தொகைகள் ஓராண்டு, நீட்டித்தால் இரண்டு. ஷ்வார்ட்ஸ் திட்டம் 24 மாதம். வந்தவர் முதல் சில மாதங்கள் சரியாகத் தூங்குவதில்லை. ஊரிலிருந்து அழைப்பு வந்தால் கூட்டத்தின் நடுவே எழுந்து வெளியே போவார். கொஞ்சம் நிலைகொண்டு ஆய்வைக் கையில் எடுக்கும்போது, அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டிய காலம் வந்துவிடும். இங்கே வேலை அனுமதி ரத்தானால் வழக்கமாக 30 நாள் வருகை அனுமதி. அதற்குள் கிளம்ப வேண்டும். அந்த வேதியியல் விரிவுரையாளர் பதினான்கு மாதத்தில் எழுதியது ஒரு கட்டுரை, இருபத்து மூன்று விண்ணப்பம். இருபத்து மூன்றையும் நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே மூன்று பேரை ஆளுக்கு ஓராண்டு வைத்துக்கொள்வதைவிட, ஒருவரை மூன்றாண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று துறைத் தலைவர்களிடம் சொல்லிவந்தேன். கொடூரமான கணக்கு என்று எனக்குத் தெரியும். மற்ற இருவர் எங்கே போவார்கள்? ஆனாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆண்டறிக்கையில் "மூன்று பேருக்கு உதவினோம்" என்று அச்சிட அழகாக இருக்கும். அந்த மூவரும் நான்காம் ஆண்டில் எங்கே என்று எந்த அறிக்கையும் கேட்பதில்லை.

நாட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு?

ஊதியமில்லாத இணைப்பு நியமனம் ஒன்று கொடுத்தால், நூலகமும் மின்னஞ்சலும் தொலைவிலிருந்தே கிடைக்கும். 2022 டிசம்பரில் தாலிபான் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தை மூடியபின், வீட்டுக்குள் முடங்கிய ஆசிரியைகளுக்கு அதுவே பெரிது. செலவும் அற்பம். இதற்குப் பல நிர்வாகங்கள் தயங்குவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாதாரணத் தமிழர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும்?

முன்பு செய்திருக்கிறோம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறை வரவிருந்தபோது, அங்கே தமிழுக்கு இடம் வேண்டுமென்று "தமிழ் முரசு" ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டினார். கூலித் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் தங்களால் இயன்றதைப் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலிக்கு ஊர்கூடிப் பணம் கட்டுவது நமக்குப் புதிதல்ல.

பணம் இல்லையென்றால் வீடு தேட உதவுங்கள். வாடகை முகவர் சம்பளச் சீட்டு கேட்பார்; வந்திறங்கியவரிடம் அது இருக்காது. ஒரு மாதம் அறை கொடுத்தால் போதும். விருந்துக்கு அழைத்து "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். ஊரில் மாட்டிக்கொள்வது அவருடைய தம்பி.

தெரிந்த ஒருவருக்காக இன்றிரவே எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

அவரை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் இரண்டு சுற்று கூடுதலாகும். காரா, ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க், ஸ்காலர் ரெஸ்கியூ ஃபண்ட் மூன்றின் தளங்களிலும் விண்ணப்ப வழி இருக்கிறது. ஒன்றில் கேட்டதால் மற்றொன்றில் கேட்கக்கூடாதென்று இல்லை. தேவைப்படுபவை தன்விவரக் குறிப்பு, வெளியீட்டுப் பட்டியல், ஆய்வைப் பற்றி இரண்டு பக்கம், அவரை நன்கு அறிந்த சக ஆய்வாளர்கள் சிலரின் பெயர்கள், என்ன ஆபத்து என்று தேதிவாரியாக ஒரு குறிப்பு. ஆபத்துக் குறிப்பில் உரைநடை அழகு வேண்டாம். எந்தத் தேதி, யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், அவ்வளவே. வேலைநீக்க ஆணை இருந்தால் படமெடுத்துச் சேர்க்கவும். பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அனுப்பவே கூடாது. கோப்பின் பெயரில் தன் பெயரைப் போட வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், கடப்பிதழ் எப்போது முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.